சிகரெட்டை விட்டுச் சூயிங்கத்துக்கு மாறியவர்களுக்கு: கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

"சிகரெட் விடற சூயிங்கம் இருக்காண்ணா?" தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு இது பழகிப்போன கேள்வி. அவர்கள் கேட்பது நிகோடின் சூயிங்கம்: சிகரெட்டுக்கு அடிமையாக்குகிற நிகோடினைப் புகை இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது. வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பலர் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்து, "அது நமக்கு ஒத்துக்கலண்ணா" என்கிறார்கள். விசாரித்தால் மெல்லுகிற விதம், குடிக்கிற டீ, போடுகிற எண்ணிக்கை, இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் கோளாறு இருக்கும். மூன்றையும் காசு செலவில்லாமல் சரிசெய்யலாம். ஆனால் அதற்குள் பாதிப் பேர் பழையபடி பெட்டிக்கடை வாசலுக்குப் போய்விடுகிறார்கள்.

உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு பிடிக்கிற காரணம் கடைசியிலும் இருக்கும். முதலில் இருப்பதைப் பார்க்காமல் கடைசிக்குத் தாவ வேண்டாம். பீடிக்காரர்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும்.

சிலர் மட்டும் சூயிங்கம் வாங்கும் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும்: சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலிக்கோ இதயத்துடிப்புக் கோளாறுக்கோ வைத்தியத்தில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், 18 வயது நிரம்பாதவர்கள்.

"சூயிங்கம் எல்லாம் வேணாம், வேப்புக்கு மாறிடறேன்"

இளவட்டப் பையன்கள் இப்போது அதிகம் சொல்வது இதைத்தான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் அது வழி இல்லை. தமிழ்நாட்டில் வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு, 2018-லேயே தடை வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் அவசரச் சட்டம் வந்து, அந்த ஆண்டே முழுச் சட்டமானது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரக்கை இருப்பு வைத்தாலும் ஆறு மாதம் வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. "மச்சான் துபாய்லேர்ந்து எடுத்தாறேன்னான்" என்றால் அதுவும் இறக்குமதிதான், கஸ்டம்ஸில் பிடுங்கிக்கொள்வார்கள்.

"லண்டன்ல டாக்டருங்களே குடுக்கறாங்களாமே?" என்று ஒரு தம்பி கேட்டான். பாதி உண்மை, டாக்டர் சீட்டில் எழுதித் தருவதில்லை. ஆனாலும் சிகரெட்டை நிறுத்த வேப் உதவுகிறது என்று அங்கே அரசு மருத்துவச் சேவையே சொல்கிறது, அதற்கு ஆய்வுகளின் ஆதாரமும் இருக்கிறது. அங்கே வேப் திரவத்தில் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், அதைக் கண்காணிக்க ஆட்களும் இருக்கிறார்கள். இங்கே திருட்டுத்தனமாகக் கைமாறும் சாமானில் பெட்டி மேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? 2019-ல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு வந்து, 2020 பிப்ரவரிக்குள் 2,800 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். கஞ்சா எண்ணெய்க் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற பொருள்தான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். அந்தக் குப்பிகளில் பெரும்பாலானவை கடையில் வாங்கியவை இல்லை, தெரிந்தவன் மூலமாக வந்தவை.

ஏற்கெனவே கையில் ஒன்று இருந்தால்:

*தலை சுற்றல், குமட்டல், கை நடுக்கம்.* நிகோடின் அளவு மீறிவிட்டது. சிகரெட் தீர்ந்தால் அணைந்துவிடும், வேப் அணையாது. அதனால் இழுத்துக்கொண்டே இருப்போம், எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. கீழே வைத்துவிட்டுக் காற்றாட உட்காருங்கள். வாந்தி நிற்காவிட்டால், மயக்கம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

*வேப்பும் போகிறது, சிகரெட்டும் போகிறது.* நான் அதிகம் பார்ப்பது இதுதான். வீட்டில் வேப், வெளியே சிகரெட். சிகரெட் முழுசாக நிற்காதவரை உடம்புக்குப் பெரிய லாபம் இல்லை. சிகரெட்டுக்குத் தேதி குறித்து நிறுத்திவிட்டு, இரண்டுக்கும் பதிலாகச் சூயிங்கத்தைக் கணக்காகப் போடுங்கள்.

*சாதனம் சூடாகிறது, உப்பியிருக்கிறது.* சார்ஜ் போடாதீர்கள், பிரித்துப் பார்க்காதீர்கள், சாவியும் சில்லறையும் கிடக்கும் பாக்கெட்டில் போடாதீர்கள். குப்பைத் தொட்டியில் எறியவும் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும், கொடுங்கையூர்க் குப்பைமேடு எரிவதற்கு நம் பங்கு வேறு எதற்கு? மின்கழிவாகத் தனியே பிரித்துக் கொடுங்கள்.

*குழந்தை அந்தத் திரவத்தை வாயில் வைத்துவிட்டது.* வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்கு அழையுங்கள், குப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள். கொஞ்சம் திரவம்கூடச் சின்னக் குழந்தைக்கு ஆபத்து.

*மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது.* அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வேப் இழுப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவர் நிமோனியாவுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்.

"சூயிங்கம் போட்டேன், ஒண்ணுமே ஆகல"

*மெல்லுகிற விதம்.* கடையில் வந்து இதைச் சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எவ்ளோ நேரம் மென்னீங்க?" என்பதுதான். "அஞ்சு நிமிஷம்ணா, ருசி போயிடுச்சு, துப்பிட்டேன்" என்றால் வேறெதையும் கேட்க வேண்டியதில்லை. இதைச் சாதாரணச் சூயிங்கம் மாதிரி சவைக்கக் கூடாது. மெதுவாக மெல்லுங்கள். சற்று நேரத்தில் மிளகைக் கடித்த காரம் நாக்கில் தெரியும். உடனே மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளுங்கள். நம் வீட்டு ஆயாக்கள் வெற்றிலைச் சீவலை அடக்குவார்களே, அந்த மாதிரி. நிகோடின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், வயிற்றுக்குப் போனால் வீண். ஒரு நிமிஷம் போல ஆனதும் காரம் அடங்கும். மறுபடி இரண்டு மூன்று கடி, காரம் வந்ததும் வேறு பக்கம் அடக்குங்கள். இப்படியே அரை மணி நேரம். பல்செட் வைத்திருப்பவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும். அவர்கள் சப்பும் மாத்திரையாக வருகிற லாசெஞ்சைக் கேட்டு வாங்கலாம். அதையும் கடிக்காமல், விழுங்காமல், தானாகக் கரைய விட வேண்டும்.

*டீ.* வடசென்னையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். டீ, காபி, லெமன் ஜூஸ், சோடா, கூல்டிரிங்ஸ் எல்லாம் வாயில் புளிப்புத்தன்மையை ஏற்றிவிடும். புளிப்பேறிய வாயில் நிகோடின் சரியாக ஏறாது. ஒரு கையில் டீ கிளாஸ், வாயில் சூயிங்கம் என்று நின்றால் அதில் பாதி தண்டம். டீ குடித்தபின் வாயைக் கொப்பளித்து, 15 நிமிஷம் கழித்துப் போடுங்கள். போட்டிருக்கும் நேரத்தில் தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம். இரண்டு நாள் இதை மட்டும் மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

*எண்ணிக்கை.* "எத்தனை போடறீங்க?" "ரெண்டு, மூணு." ஒரு பாக்கெட் சிகரெட் ஊதியவருக்கு இது எந்த மூலைக்கு? முதல் ஆறு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. ஒரு நாளைக்கு 9-க்குக் குறையாமல் பாருங்கள், 24-க்கு மேல் போகாதீர்கள். "இதுக்கு அடிமையாயிட்டா?" என்று பயந்து குறைவாகப் போடுகிறவர்கள்தான் கடைசியில் சிகரெட்டுக்குத் திரும்புகிறார்கள். அந்தப் பயத்துக்கான பதில் கடைசித் தலைப்பில் இருக்கிறது.

*நேரம்.* சிகரெட்டின் நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். சூயிங்கத்தில் அதற்குப் பல நிமிஷம் ஆகும். தவிப்பு உச்சிக்கு வந்தபிறகு வாயில் போட்டால், அது ஏறும் முன் கை பாக்கெட்டுக்குப் போய்விடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும் டிரைவர் அண்ணன் ஒருவருக்கு நான் சொன்னது: வரிசையில் போய் நின்றபிறகு தேடாதீர்கள், வண்டி நிற்கப்போகிறது என்று தெரிந்ததுமே போடுங்கள். உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் இருக்கும். அதற்குக் கால் மணி முன்னால் போடுங்கள்.

*வலு.* 2 மி.கி., 4 மி.கி. என்று இரண்டு வருகிறது. காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிற ஆளுக்கு 2 மி.கி. போதாது. 2 மி.கி.யை நாங்கள் டாக்டர் சீட்டு இல்லாமலே தருவோம், 4 மி.கி.க்குச் சீட்டு கேட்போம். "ரெண்டு ரெண்டா சேர்த்துப் போட்டுக்கறேன்" என்று குறுக்கு வழி தேட வேண்டாம், விக்கலும் குமட்டலும் வரும்.

*இதற்கு மேல்.* மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வாரத்தில் சிகரெட் குறையவே இல்லையென்றால் டாக்டரிடம் போங்கள். தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச்சோடு சூயிங்கத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். தனியாக ஒன்றைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் அதிகம். அதற்கும் அடங்காவிட்டால் வரெனிக்ளின், புப்ரோபியான் என்று மாத்திரைகள் இருக்கின்றன. இவை சீட்டு இருந்தால்தான். எப்போதாவது வலிப்பு வந்தவர்கள் புப்ரோபியான் எடுக்கக் கூடாது, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சகப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ ஓ.பி. சீட்டு போட்டுக் கேட்கலாம். தூரம் பரவாயில்லை என்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புகையிலையை விடுவதற்கென்றே தனிப் பிரிவு பல வருஷமாக நடக்கிறது.

"தொண்டை எரியுது, விக்கல் வருது, குமட்டுது"

வேகமாக மென்று எச்சிலை விழுங்குகிறீர்கள். நிகோடின் வயிற்றுக்குப் போகிறது. மேலே சொன்னபடி அடக்கிப் பழகினாலே இது பெரும்பாலும் நின்றுவிடும். வெறும் வயிற்றில் போடாதீர்கள். 4 மி.கி. போடுகிறவர் 2-க்கு இறங்கிப் பாருங்கள். ஏற்கெனவே அல்சர் இருப்பவர்களும், மலம் கறுப்பாகப் போகிறவர்களும் சூயிங்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். டாக்டரிடம் பேட்ச் கேளுங்கள். தாடை வலித்தாலும் அதே வழிதான்.

"படபடப்பா இருக்கு, கை நடுங்குது"

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். நிறையப் பேர் இதற்குப் பயந்துதான் சூயிங்கத்தைத் தூக்கிப் போடுகிறார்கள். ஆனால் பல நேரம் ஆள் மாறாட்டம் நடக்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. நெஞ்சின் நடுவில் அழுத்துவது, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சு திணறுவது, இதில் ஏதாவது இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108. "கேஸா இருக்கும், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அது இல்லையென்றால், வரிசையாகப் பாருங்கள்.

*டீ, காபி.* சிகரெட் புகையில் இருக்கும் சில பொருள்கள் காபியின் கஃபீனை உடம்பு வேகமாகக் கழிக்கும்படி செய்கின்றன. புகை நின்றால் அந்த வேகம் குறைந்துவிடும். நேற்று வரை ஆறு டீ குடித்து ஒன்றும் ஆகாத ஆளுக்கு, இன்று அதே ஆறு டீ இரண்டு மடங்கு மாதிரி வேலை செய்யும். படபடப்பு, நடுக்கம், ராத்திரி தூக்கம் கெடுவது எல்லாம் அதில் வரும். பழி சூயிங்கத்தின் மேல் விழும். பார்ப்பது சுலபம்: டீ காபியைப் பாதியாக்குங்கள், மூன்று நாள் கவனியுங்கள்.

*சூயிங்கம் அதிகம், அல்லது பேட்ச்சோடு சிகரெட்டும்.* தலை சுற்றலும் குமட்டலும் சேர்ந்து வந்தால் இதுவாக இருக்கலாம். எண்ணிக்கையைக் குறையுங்கள். பேட்ச் ஒட்டியிருக்கும்போது சிகரெட் வேண்டாம்.

*வேறு மாத்திரைகள்.* டீயில் நடக்கும் அதே சங்கதிதான், ஆனால் விஷயம் பெரிது. வீசிங்குக்குத் தரும் தியோஃபிலின் கலந்த மாத்திரை, அதாவது டெரிஃபிலின் வகை, சிகரெட்டை நிறுத்தியதும் ரத்தத்தில் அளவு கூடும். படபடப்பு, வாந்தி, கடைசியில் வலிப்பு வரை போகலாம். மனநலத்துக்குத் தரும் குளோசபின், ஓலான்சபின் இரண்டும் அப்படியே. சூயிங்கம் போட்டாலும் இது நடக்கும், ஏனென்றால் வேலையைச் செய்தது புகைதான், நிகோடின் இல்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். "சிகரெட்டை விட்டுட்டேன், அளவு மாத்தணுமா?" என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். முடிந்தால் விடுவதற்கு முன்பே கேளுங்கள்.

*சர்க்கரை.* இன்சுலின் போடுகிறவர்கள், சுகர் மாத்திரை எடுப்பவர்கள் முதல் சில வாரம் வழக்கத்தைவிட அடிக்கடிச் சர்க்கரை பாருங்கள். நடுக்கமும் வியர்வையும் பசியும் சேர்ந்து வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம்.

டீயைக் குறைத்தும் ஒரு வாரத்தில் படபடப்பு போகவில்லையென்றால் ஈ.சி.ஜி. ஒன்று எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

"மூணாவது நாள் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கு"

அது மூன்றாவது நாளின் குணம். தவிப்பு, எரிச்சல், கவனம் நிற்காதது எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சம். இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "இவரு சிகரெட் புடிச்சப்பவே நல்லா இருந்தாருண்ணா" என்று ஒரு அக்கா கடைக்கே வந்து புலம்பியிருக்கிறார்.

தனித்தனியாக வரும் ஒவ்வொரு தவிப்பும் சில நிமிஷம்தான், ஐந்து, மிஞ்சினால் பத்து. அந்த நேரத்தைக் கடத்த வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் குடிப்பது, தெரு முனை வரை நடப்பது, யாருக்காவது போன் அடிப்பது, எதுவானாலும் சரி. சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் 1800 11 2356 என்ற எண்ணுக்கு இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசுவார்கள். திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. ஊதுகிற காலத்தில் தினம் பத்துத் தடவை அந்த எண்ணைக் கையில் பிடித்திருப்போம், படித்திருக்க மாட்டோம்.

எரிச்சல் தாண்டி, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கிடந்தால், அல்லது ஒரு தடவையாவது செத்துவிடலாம் என்று தோன்றினால், தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். ஸ்டான்லி மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

"நாள் முழுக்க ஓகே, டீக்கடையிலயும் கேரம் கிளப்லயும்தான் தாங்கல"

இது நிகோடின் குறைவு இல்லை, பழக்கம். சூயிங்கத்தைக் கூட்டினால் தீராது. இடத்தை மாற்றுவதுதான் மலிவான வழி. முதல் மூன்று வாரம் டீயைக் கடைக்கு வெளியே நின்று குடிக்காமல் உள்ளே உட்கார்ந்து குடியுங்கள், அல்லது பார்சல் வாங்குங்கள். லூஸ் சிகரெட் விற்கிற கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள். கேரம் ஆட்டத்தில் கை சும்மா இருப்பது அடுத்தவன் முறையின்போதுதான். அந்த நேரத்துக்கு வாயில் சூயிங்கம் இருக்கட்டும். இரண்டு கையாலும் வலை பின்னுகிற காசிமேட்டு அண்ணன் ஒருவர், "வேலை நேரத்துல நெனப்பே வரல, கரையில உக்காந்தாதான் வருது" என்றார். அவர் சொன்னதில் வைத்தியம் பாதி இருக்கிறது.

குடி தனிக் கதை. சிகரெட்டை விட்ட பலர் டாஸ்மாக் வாசலில்தான் திரும்பப் பிடிக்கிறார்கள். முதல் ஒரு மாதம் இரண்டையும் சேர்த்தே ஒதுக்கினால் நல்லது. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் குடியைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம், வலிப்பு வரும். அவர்கள் டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

"தூக்கம் வரல, கெட்ட கெட்ட கனவா வருது"

சாயங்காலத்துக்கு மேல் டீ காபியை நிறுத்துங்கள், காரணம் மேலே சொன்னதுதான். படுக்கப் போகும் முன் சூயிங்கம் வேண்டாம். பேட்ச் ஒட்டியிருந்தால் ராத்திரி கழற்றிவிட்டுக் காலையில் புதிது ஒட்டுங்கள், கனவு நின்றுவிடும். நம் ஊர் வியர்வைக்குப் பேட்ச் உரிந்து வருகிறது என்பதும் வழக்கமான புகார். குளித்துத் துவட்டி, எண்ணெய் பவுடர் எதுவும் இல்லாத, முடி குறைவான இடத்தில் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். தினமும் இடத்தை மாற்றுங்கள். தோல் தடித்துச் சிவந்து கொப்புளம் வந்தால் பேட்ச்சை விட்டுவிட வேண்டியதுதான்.

"விட்டதுக்கு அப்புறம்தான் இருமல் ஜாஸ்தியாச்சு"

பலருக்கு இது நல்ல அறிகுறி. புகையில் முடங்கிக் கிடந்த நுரையீரல் சளியை மேலே தள்ளத் தொடங்குகிறது. சில வாரம் இருக்கும், போகப்போகக் குறையும். வெந்நீர் குடியுங்கள், ஆவி பிடியுங்கள். இருமலை அடக்கும் சிரப் வேண்டாம், சளி வெளியே வரட்டும்.

இரண்டாவது சந்தேகம், சுற்றுப்புறம். மணலி, எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கும், போகிப் புகைக்கு நடுவில் விட்டவர்களுக்கும் இருமலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வீட்டை விட்டுத் தள்ளிப் போனால் குறைகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதை நான் யாருக்கும் தள்ளிப்போட விடுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, உடம்பு இளைப்பது, இதில் எது இருந்தாலும் "சிகரெட்டை விட்டதால" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். சிகரெட் பிடித்தவர்களுக்குக் காசநோய் வாய்ப்பு அதிகம். சளிப் பரிசோதனை கார்ப்பரேஷன் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். அங்கிருந்து ஓட்டேரி டி.பி. ஆஸ்பத்திரிக்கோ ஸ்டான்லிக்கோ அனுப்பினால் சுணங்காமல் போங்கள். பல வருஷம் ஊதியவர்கள் டி.பி. இல்லை என்று வந்தாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துக் காட்டிவிடுங்கள்.

மலச்சிக்கல், வாய்ப்புண், எடை

மலச்சிக்கல்: காலை சிகரெட் இருந்தால்தான் போகும் என்று பழகிய வயிறு சில வாரம் முரண்டு பிடிக்கும். தண்ணீர், கீரை, வாழைப்பழம், அப்புறம் இசப்கோல்.

வாய்ப்புண்: விட்ட முதல் வாரங்களில் சிலருக்கு வரும், தானாக ஆறும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் முழுசாகத் திறக்க முடியாதது, இந்த மூன்றுக்கும் பல் டாக்டரைக் கட்டாயம் பாருங்கள்.

எடை: ஒரு வருஷத்தில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறும். டீக்கு பதிலாக பஜ்ஜி என்று கணக்கு வைத்தால் இன்னும் ஏறும். எடைக்குப் பயந்து சிகரெட்டுக்குத் திரும்புவதை மட்டும் செய்யாதீர்கள்.

"ஒரே ஒரு தம் இழுத்துட்டேன்"

ஒன்றோடு நிறுத்தினால் ஒன்றுதான். "போச்சு, இனி என்ன" என்று முழுப் பாக்கெட் வாங்குவதுதான் சேதம். சூயிங்கத்தை அன்றைக்கே பழைய கணக்கில் தொடருங்கள். மிச்சம் இருக்கும் சிகரெட்டை வீட்டில் வைக்காதீர்கள். எந்த இடம், யாரோடு, எந்த நேரம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் மறுபடி நடந்தால் கேரம் கிளப் பகுதியைத் திரும்பப் படியுங்கள். மாதம் ஒன்றாகியும் தினம் இரண்டு மூன்று போகிறதென்றால், அளவு போதவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் பேட்ச்சும் சூயிங்கமும் சேர்த்துக் கேளுங்கள்.

"சிகரெட் போச்சு, இப்ப உதட்டுல வைக்கறேன்"

ஹான்ஸ், கூல் லிப் மாதிரி உதட்டில் அடக்குகிற சாமானுக்கு மாறியதை, விட்டதாகக் கணக்கு வைக்க முடியாது. அது வாய்ப் புற்றுநோய் தரும் புகையிலையேதான். தமிழ்நாட்டில் விற்கத் தடையும் இருக்கிறது. அதை நிறுத்தவும் இதே சூயிங்கம் உதவும். வாயில் புண் இருந்தால் மட்டும் முதலில் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

"இப்ப சூயிங்கத்தை விட முடியல"

சிகரெட்டோடு ஒப்பிட்டால் இது சின்னப் பிரச்சினை. புகையும் தாரும் உள்ளே போகவில்லை. அவசரப்பட்டு நிறுத்தித் திரும்பச் சிகரெட்டுக்குப் போவதைவிட இன்னும் சில வாரம் மெல்லுவது மேல். பெரிய சிகரெட் ஒன்றின் விலையைவிட ஒரு சூயிங்கத்தின் விலை குறைவுதான்.

குறைக்கும் கணக்கு இது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று. 7-லிருந்து 9-ஆம் வாரம் வரை இரண்டிலிருந்து நான்கு மணிக்கு ஒன்று. 10-லிருந்து 12 வரை நான்கிலிருந்து எட்டு மணிக்கு ஒன்று. குறைக்கும்போது தவித்தால், ஒரு நேரத்துச் சூயிங்கத்தைச் சாதாரணச் சூயிங்கமாகவோ ஏலக்காயாகவோ மாற்றுங்கள். காலையிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் போடுவதைக் கடைசியாக விடுங்கள், அவைதான் கஷ்டமானவை. ஆறு மாதம் தாண்டியும் பத்துக்குக் குறையவில்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். பேட்ச்சில் 21, 14, 7 மி.கி. என்று படிப்படியாக இறக்கும் வசதி இருக்கிறது, அதற்கு மாற்றிவிடுவார்.

மென்ற மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். துப்பியதில் நிகோடின் மிச்சம் இருக்கும், தவழுகிற குழந்தை எடுத்து வாயில் வைத்துவிடும்.